டிரோல் ஏன் இரண்டு நாடுகளில் கிடக்கிறது, இனி ஒன்றாகுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் டிரோல் என்பது ஆஸ்திரியாவின் ஒரு மாநிலம். ஆனால் எல்லையைத் தாண்டினால் இத்தாலிக்குள் தெற்கு டிரோல் என்று இன்னொன்று இருக்கிறது, அங்கே ஊர்ப் பலகையெல்லாம் இரண்டு மொழியில், பெரும்பாலானவர்கள் வீட்டில் பேசுவது ஜெர்மன். இது எப்படி நடந்தது, அங்கே சண்டை சச்சரவு இல்லையா, இரண்டும் திரும்பச் சேருமா? மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

டிரோல் என்ற பெயருக்குச் சொந்தமான கோட்டையே இன்று இத்தாலியில்தான் இருக்கிறது. மெரான் நகரத்துக்கு மேலே ஒரு மேட்டில் நிற்கிறது அது. அங்கே இருந்த பிரபுக்களில் இரண்டாம் மைன்ஹார்ட் என்பவர் 13ஆம் நூற்றாண்டில் சுற்றுவட்டப் பள்ளத்தாக்குகளை ஒவ்வொன்றாகத் தன் கைக்குள் கொண்டுவந்து ஒரு நாடாக்கினார். 1363இல் அவருடைய பேத்தி மார்கரெட், ஒரே மகனையும் பறிகொடுத்த நிலையில், நாட்டை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்திடம் ஒப்படைத்தார். 1420இல் ஆட்சி பீடம் மெரானிலிருந்து வடக்கே இன்ஸ்புருக்குக்குப் போனது. அதாவது தெற்கில் பிறந்து வடக்கே குடிபெயர்ந்த ஒரு நாடு இது. இன்று பலர் நினைப்பதுபோல ஆஸ்திரியாவிலிருந்து தெற்கே வழிந்து போன ஒரு துண்டு அல்ல தெற்கு டிரோல்.

மலைநாடு என்றாலே முகடுதான் எல்லை என்று நமக்குத் தோன்றும். இங்கே அது பொருந்தாது. பிரென்னர் கணவாய் ஏறக்குறைய 1,370 மீட்டர் உயரம்தான், ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் பெரிய வழிகளில் இது மிகத் தாழ்வானவற்றில் ஒன்று, வெனிஸ் பக்கமிருந்து ஆக்ஸ்பர்க் பக்கம் போகிற சரக்கெல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் இந்த வழியாகத்தான் போனது. சுங்கம், சத்திரம், வண்டிக்கூலி, குதிரை மாற்றும் இடம் என்று அந்தப் பாதையை நம்பித்தான் இரண்டு பக்க ஊர்களும் பிழைத்தன. ஆக, கணவாய் அந்த நாட்டின் ஓரம் அல்ல, அதன் நடு. அந்த நடுவை எடுத்து ஓரமாக்கியதுதான் 1919இல் நடந்த காரியம், மற்ற எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

இந்த ஒற்றுமைக்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டுமென்றால் ஆந்திரியாஸ் ஹோஃபர். தெற்கே பாசையர் பள்ளத்தாக்கில் சத்திரம் நடத்தியவர். நெப்போலியனின் கூட்டாளியான பவேரியா டிரோலை ஆண்டபோது, 1809இல் விவசாயிகளைத் திரட்டிக்கொண்டு கிளம்பி, வடக்கே இன்ஸ்புருக்கை ஒட்டிய பெர்கீசல் குன்றில் மாறி மாறிப் போரிட்டார். 1810 பிப்ரவரி 20 அன்று மாந்துவாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பிறந்த வீடு இன்றைய இத்தாலியில், கல்லறை இன்றைய ஆஸ்திரியாவில்.

ஆனால் பழைய டிரோல் முழுக்க ஜெர்மன் பேசியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெற்கே டிரென்டினோ பகுதி முழுக்க இத்தாலிய மொழி. டோலோமைட் மலைகளுக்குள் லாடின் என்ற இன்னொரு பழைய மொழி பேசுகிறவர்கள். டிரென்டினோக்காரர்கள் இன்ஸ்புருக்கிடம் தன்னாட்சி கேட்டு அலுத்துப்போனார்கள், கிடைக்கவில்லை. 1904இல் இன்ஸ்புருக்கில் இத்தாலிய மொழிச் சட்டக் கல்லூரி தொடங்கியபோது அங்கே பெரிய கலவரமே நடந்தது, கைதான மாணவர்களில் அல்சிடே டி காஸ்பெரி என்ற இளைஞரும் ஒருவர். பின்னாளில் வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து, அதற்கும் பின்னாளில் இத்தாலியின் பிரதமரானவர் அவர்தான். தெற்கு டிரோலின் துயரத்தைச் சொல்கிறவர்கள் இந்த அத்தியாயத்தை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. ஜெர்மன் பேசும் டிரோல்காரர்கள் பின்னாளில் இத்தாலிக்குள் சிறுபான்மை ஆனபிறகு கேட்ட அதே உரிமையை, தாங்கள் பெரும்பான்மையாக இருந்தபோது கொடுக்க மறுத்தார்கள்.

சரி, கோடு எப்படி விழுந்தது? முதல் உலகப்போரில் இத்தாலியைத் தங்கள் பக்கம் இழுக்க பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் 1915 ஏப்ரலில் லண்டனில் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டன. பிரென்னர் வரைக்கும் உங்களுக்கு என்று வாக்கு. அமெரிக்க அதிபர் வில்சன் 1918இல் வெளியிட்ட 14 அம்சங்களில் ஒன்பதாவது, இத்தாலியின் எல்லை தேசிய இனங்களை ஒட்டித் தெளிவாகத் தெரியும்படி அமைய வேண்டும் என்று சொன்னது. அப்படிப் பார்த்தால் எல்லை சலூர்ன் அருகே விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் இரண்டு மொழிகளும் முட்டிக்கொள்கின்றன. ஆனால் இத்தாலி ராணுவக் காரணம் சொன்னது, மலைமுகடு எங்கள் கையில் இருந்தால்தான் பாதுகாப்பு என்றது, வில்சனும் ஒப்புக்கொண்டார். 1919 செப்டம்பரில் சான் ஜெர்மேன் ஒப்பந்தம், 1920 அக்டோபரில் முறைப்படி இணைப்பு. 1910 கணக்கெடுப்பின்படி இன்றைய தெற்கு டிரோலில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் ஜெர்மன் பேசுகிறவர்கள், இத்தாலிய மொழிக்காரர்கள் 3 சதவீதம் போல. யாரிடமும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. கிழக்கே லீன்ஸ் நகரமும் அதன் சுற்றுப்புறமும் ஆஸ்திரியாவிலேயே இருந்தாலும் மீதி டிரோலோடு நிலத்தொடர்பு அறுந்து தனியாக நின்றுவிட்டது. இன்றும் அந்தப் பகுதி அப்படித்தான்.

ஒப்பந்தம் சொன்ன அளவுகோல் நீர்ப்பிரிமுகடு. மழை வடக்கே ஓடினால் ஆஸ்திரியா, தெற்கே ஓடினால் இத்தாலி. காகிதத்தில் இது ரொம்பத் தெளிவு. ஆனால் ஓட்ஸ்டால் மலைகளில் முகட்டையே பனிப்பாறை மூடிக் கிடந்தது, அதனால் அங்கே நிலஅளவையாளர்கள் கல் நட்டு நேர்க்கோடாக இழுத்துவிட்டார்கள். 1991 செப்டம்பர் 19 அன்று, 3,200 மீட்டருக்கு மேலே, பனி உருகிய ஒரு பள்ளத்தில் மலையேறிகள் இருவர் ஒரு மனித உடலைப் பார்த்தார்கள். அதுதான் 5,300 ஆண்டுப் பழமையான ஓட்ஸி. முதலில் இன்ஸ்புருக்குக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் எல்லையை மறுபடி அளந்தார்கள்: இத்தாலிக்குள் 92.56 மீட்டர். அந்தப் பள்ளத்தின் தண்ணீர் வடக்கே ஆஸ்திரியப் பக்கம்தான் வடிகிறது, ஆனாலும் கல் நட்ட கோடுதான் சட்டம், அதனால் உடல் போட்சென் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனது. இத்தாலிய மொழியில் அந்த ஊருக்கு போல்சானோ என்று பெயர்.

அதே மலையில் ஆடுகளின் கதை வேறு. தெற்கே ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆயிரக்கணக்கான செம்மறி ஆடுகளை பனி மூடிய கணவாய்கள் வழியாக வடக்கே வென்ட் ஊரின் மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிப்போகிறார்கள், செப்டம்பரில் திரும்ப ஓட்டி வருகிறார்கள். அந்த நிலத்தில் மேய்ச்சல் உரிமை தெற்கத்தி விவசாயிகளுக்கு; 1415லேயே அதற்கு எழுத்து ஆவணம் உண்டு. கோடு விழுந்த பிறகும் அந்த உரிமை செல்லும். மலையின் இரண்டு பக்கமும் ஒரே பிழைப்பு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1922க்குப் பிறகு முசோலினி ஆட்சி. எத்தோரே தொலோமெய் என்பவர் அந்த வட்டாரத்து ஊர், ஆறு, மலை எல்லாவற்றுக்கும் இத்தாலியப் பெயர்ப் பட்டியல் தயாரித்து வைத்திருந்தார், அது சட்டமானது. டிரோல் என்ற பெயரைப் பயன்படுத்தவே தடை. 1923இலிருந்து ஜெர்மன் மொழிப் பள்ளிகளை வகுப்பு வகுப்பாக மூடினார்கள். பாதிரியார் மைக்கேல் காம்பர் முன்னின்று ரகசியப் பள்ளிகள் தொடங்கினார், பண்ணை வீடுகளிலும் பரண்களிலும் இளம்பெண்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், பிடிபட்டால் சிறை. ஏஞ்சலா நிகோலெட்டி என்ற ஆசிரியை அப்படிச் சிறை போனவர், உடல்நலம் கெட்டு 1930இல், 25 வயதில் இறந்துவிட்டார். போட்சென் நகரத்தில் 1928இல் ஒரு வெற்றிச் சின்னம் கட்டினார்கள். இங்கிருந்துதான் மற்றவர்களுக்கு மொழியும் சட்டமும் கலையும் கற்பித்தோம் என்று அதில் லத்தீனில் பொறித்திருக்கிறது. அது இன்றும் நிற்கிறது. இடிக்கவில்லை, அதன் அடித்தளத்தில் 2014இல் ஒரு கண்காட்சி திறந்து, இது எதற்காகக் கட்டப்பட்டது என்று வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்கிறார்கள். இடிப்பதைவிட இது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

முப்பதுகளின் நடுவில் அங்கே பெரிய தொழிற்பேட்டை வந்தது, அதில் வேலைக்கு இத்தாலியின் மற்ற பகுதிகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இன்று போட்சென் நகரத்தில் இத்தாலிய மொழிக்காரர்கள்தான் பெரும்பான்மை. சுற்றியுள்ள கிராமங்களில் ஜெர்மன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்குத் தேவைப்படும்.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால், 1939ஐத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். ஹிட்லருக்கு முசோலினியின் நட்பு வேண்டும், எல்லைத் தகராறு வேண்டாம். இருவரும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: தெற்கு டிரோல்காரர் ஒவ்வொருவரும் 1939 டிசம்பர் 31க்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மன் குடியுரிமை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டு ரைஷுக்கு, அதாவது ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போவது, அல்லது இத்தாலியராகவே இருந்து மொழிப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் வாழ்வது. இருந்தால் உங்களை சிசிலிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வதந்தி வேறு. இருபது ஆண்டு அடக்குமுறையில் வெந்துபோன மக்கள், ஏறக்குறைய 86 சதவீதம் பேர், போகிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

கோடு பிரித்தது நாடுகளை. இந்தப் படிவம் வீடுகளைப் பிரித்தது. அண்ணன் போகிறேன் என்பான், தம்பி இருக்கிறேன் என்பான், சொத்து யாருக்கு, வயதான பெற்றோர் யாரோடு? இருக்கிறோம் என்று சொன்ன சிறுபான்மையினரைத் துரோகி என்றார்கள், வாசலில் சாணத்தை அப்பினார்கள், ஜன்னலை உடைத்தார்கள், பள்ளியில் அவர்கள் பிள்ளைகளோடு யாரும் சேரவில்லை. பிரிக்ஸன் நகரத்துக் கத்தோலிக்க ஆயர் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டார், அவருக்குக் கீழே இருந்த பாதிரியார்களில் பெரும்பாலோர் இருக்கிறோம் என்றார்கள். போட்சென் நகரத்தில் யோசஃப் மாயர்-நுஸர் என்ற ஒருவர் இருக்கிறேன் என்றவர்களில் முக்கியமானவர். போரின் கடைசியில் அவரைக் கட்டாயமாக நாஜிகளின் எஸ்எஸ் படையில் சேர்த்தபோது ஹிட்லர் பெயரால் சத்தியம் செய்ய மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னார், 1945 பிப்ரவரியில் டாஹவ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகிற வழியில் ரயிலிலேயே இறந்தார். திருச்சபை அவருக்கு 2017இல் அருளாளர் பட்டம் கொடுத்தது. உண்மையில் ஊரைவிட்டுப் போனவர்கள் 75,000 பேர் அளவுக்கு, போர் மும்முரமானதும் போக்குவரத்து நின்றது, பிறகு ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். ஆனால் எந்த வீடு எந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டது என்பதைப் பல பத்தாண்டுகள் யாரும் வெளியே பேசவில்லை.

போர் முடிந்ததும் மறுபடி ஆஸ்திரியாவோடு சேர வேண்டும் என்று ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். வென்ற நாடுகள் மறுத்துவிட்டன. பதிலுக்குக் கிடைத்தது 1946 செப்டம்பர் 5 அன்று பாரிஸில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் கார்ல் குரூபரும் இத்தாலியப் பிரதமரும் போட்ட ஒப்பந்தம். அந்தப் பிரதமர் வேறு யாருமல்ல, 1904இல் இன்ஸ்புருக்கில் கைதான அதே டி காஸ்பெரி. மூன்றே அம்சங்கள் கொண்ட சிறிய ஆவணம், ஆனால் இத்தாலியுடனான சமாதான உடன்படிக்கையின் இணைப்பாகப் போனதால் அது சர்வதேசச் சட்டமாகிவிட்டது. பிற்பாடு எல்லாம் அதில் தொங்கிக்கொண்டுதான் நின்றது.

1948இல் தன்னாட்சி வந்தது, ஆனால் தெற்கு டிரோலையும் டிரென்டினோவையும் ஒரே மண்டலமாகக் கட்டி, அதிகாரத்தை மண்டலத்துக்குக் கொடுத்தார்கள். மண்டலத்தில் இத்தாலியப் பெரும்பான்மை. பெயருக்கு ஒரு தன்னாட்சி, அவ்வளவுதான். 1957 நவம்பரில் சிக்மண்ட்ஸ்க்ரோன் கோட்டையில் 35,000 பேர் போலத் திரண்டார்கள். பேசியவர் தெற்கு டிரோல் மக்கள் கட்சியின் தலைவர் சில்வியஸ் மாக்னாகோ, போரில் ஒரு காலை இழந்த மெலிந்த மனிதர். கூட்டம் கொதித்துப்போயிருந்தது, அவர் நகரத்துக்கு ஊர்வலமாகப் போக விடவில்லை, மண்டலத் தலைநகரான டிரென்டோவிலிருந்து விடுதலை வேண்டும் என்ற கோரிக்கையை வைத்துவிட்டு அமைதியாகக் கலைந்துபோகச் சொன்னார். ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் புரூனோ கிரைஸ்கி 1960இல் பிரச்சினையை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனார், இரண்டு நாடும் பேசித் தீர்க்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது.

பொறுமை இழந்தவர்களும் இருந்தார்கள். 1961 ஜூனில், மலையெங்கும் இயேசுவின் திருஇருதயத் திருநாளுக்காக நெருப்பு மூட்டுகிற இரவில், 37 மின்கம்பங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். ஆளைக் கொல்வதில்லை என்பது அந்தக் குழுவின் கொள்கை. ஆனால் மறுநாளே வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டு சலூர்ன் அருகே ஒரு சாலைப் பணியாளரைக் கொன்றது. கைதானவர்கள் சித்திரவதைக்கு ஆளானார்கள், பின்னால் வந்த தாக்குதல்கள் இன்னும் ரத்தக்களரியாக இருந்தன. குண்டுகள்தான் ரோமைப் பேச வைத்தன என்று ஒரு தரப்பு இன்றும் சொல்லும். நான் அப்படி நினைக்கவில்லை. ஐ.நா. தீர்மானம் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது, பேச்சும் தொடங்கியிருந்தது.

தீர்வு வந்தது ஒரு காகிதக் கட்டாக. 137 நடவடிக்கைகள் கொண்ட தொகுப்பு, எது முதலில் எது பின்னால் என்ற கால அட்டவணையோடு. 1969 நவம்பரில் மெரானில் மாக்னாகோவின் கட்சி மாநாடு கூடி இரவு வெகுநேரம் வரை விவாதித்தது, கடைசியில் 53 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஆதரவில் ஏற்றார்கள். நூலிழையில் தப்பியது. 1972இல் புதிய தன்னாட்சிச் சட்டம். எல்லாம் நிறைவேற 20 ஆண்டு ஆனது, 1992 ஜூனில்தான் ஆஸ்திரியா தகராறு முடிந்தது என்று எழுதிக்கொடுத்தது.

இந்தத் தீர்வு ஏன் நிலைத்தது என்று கேட்டால், நல்லெண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அதிகாரமும் வரி வரியாக எழுதப்பட்டது, வசூலாகும் வரியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே தங்குகிறது, மீறினால் கேட்க வெளியே இன்னொரு நாடு ஒப்பந்தத்தோடு காத்திருக்கிறது. இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் கதை வேறாகியிருக்கும். தன்னாட்சி பற்றிப் பேசும்போது பலர் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள், பணத்தைப் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அரசு வேலைகள் மொழிவாரி விகிதத்தில்தான் கொடுக்கப்படும். அதற்கு ஒவ்வொருவரும் நான் ஜெர்மன், நான் இத்தாலியன், நான் லாடின் என்று எழுதிக்கொடுக்க வேண்டும், மூன்றிலும் சேராதவர்கள் ஏதாவது ஒன்றோடு தன்னை இணைத்துக்கொள்ளலாம். அதோடு இருமொழித் தேர்வும் எழுத வேண்டும். 2011 கணக்கில் ஜெர்மன் 69.4 சதவீதம், இத்தாலியம் 26, லாடின் 4.5. ரயில், தபால் என்று மத்திய அரசு வேலையெல்லாம் ஒரே தரப்பிடம் இருந்த காலத்தில் இது நியாயமான மருந்து. ஆனால் அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி என்று வளர்கிற பிள்ளை எதை எழுதும்? அலெக்சாண்டர் லாங்கர் என்ற பசுமைக் கட்சித் தலைவர் இப்படி மனிதர்களை அறை அறையாகப் பிரிக்காதீர்கள் என்று சொல்லி, அந்தப் படிவத்தில் எழுதவே மறுத்தார். 1995இல் போட்சென் மேயர் தேர்தலில் நிற்க முயன்றபோது அதையே காரணம் காட்டி அவரைத் தடுத்தார்கள்.

சரி, சேருமா? பிரிந்து போக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிற கட்சிகள் அங்கே உண்டு, மாகாண சபையில் இடமும் பிடிக்கின்றன, ஆனால் பெரும்பான்மைக்குப் பக்கத்தில்கூட இல்லை. இத்தாலிய அரசியலமைப்பு நாட்டைப் பிரிக்க முடியாதது என்கிறது. அதைவிட முக்கியம், எல்லையை இப்போது சலூர்னுக்கு நகர்த்தினால் தலைநகரம் போட்சென் உட்பட நாலில் ஒரு பங்கு இத்தாலிய மொழிக்காரர்கள் புதிதாக ஒரு சிறுபான்மை ஆவார்கள், 1919இன் தவறை மறுபக்கம் திருப்பிச் செய்ததாகும். ஆஸ்திரியா 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, 1998 ஏப்ரலில் பிரென்னரில் கடவுச்சீட்டுச் சோதனை எடுக்கப்பட்ட பிறகு, தெற்கத்திப் பிள்ளைகள் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் படிப்பதும் சிக்கலான சிகிச்சைக்கு இன்ஸ்புருக் மருத்துவமனைக்குப் போவதும் சாதாரணமாகிவிட்டது. டிரோல், தெற்கு டிரோல், டிரென்டினோ மூன்றும் 2011இல் ஒரு கூட்டு அமைப்பே தொடங்கிவிட்டன. இன்று ரோமும் வியன்னாவும் மோதிக்கொள்வது பிரென்னர் சாலையில் எத்தனை லாரி போகலாம் என்பதில். 2024இல் இத்தாலி அதை ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனது. கணவாய்க்கு அடியில் 55 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் தோண்டுவதும் அந்த லாரிகளை ரயிலில் ஏற்றத்தான்.

இனிமேல் அங்கே கவனிக்க வேண்டியது எல்லையை அல்ல, பள்ளிக்கூடத்தை. ஜெர்மன் பள்ளி தனி, இத்தாலியப் பள்ளி தனி என்பதுதான் சட்டம், லாடின் பள்ளத்தாக்குகளில் மட்டும் இரண்டு மொழியிலும் சரிபாதி பாடம், கூடவே லாடின். இப்போது போட்சென் நகரத்தில் இத்தாலிய மொழிக் குடும்பங்களும் புதிதாகக் குடியேறியவர்களும் பிள்ளைகளை ஜெர்மன் பள்ளியில் சேர்க்கிறார்கள், வகுப்பில் ஜெர்மன் தெரிந்த பிள்ளைகள் குறைகிறார்கள் என்று ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள், மொழியைக் காப்பாற்றக் கட்டிய பள்ளியை எல்லாருக்கும் திறந்துவிட்டால் என்ன மிஞ்சும் என்ற பயம் ரகசியப் பள்ளிக் காலத்தின் நினைவிலிருந்து வருகிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் விரும்புகிறவர்களுக்கு மட்டும் கலப்புப் பள்ளி ஒன்று திறப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. லாடின்காரர்கள் அதை வெகுகாலமாக நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்கள் மொழி அதனால் அழிந்துவிடவில்லை.